மார்புக்கூடு

மார்புக்கூடு என்பது மனித உடற்பகுதியின் மேற்பாதியில் இதயத்தையும் நுரையீரல்களையும் சூழ்ந்து அமைந்துள்ள சட்டகம் ஆகும். எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்து இதை ஆக்குகின்றன. பேச்சுவழக்கில் இதை நெஞ்சுக்கூடு, விலாக்கூடு என்றும் சொல்வர். பின்புறம் 12 மார்பு முள்ளெலும்புகள், பக்கங்களில் 12 இணை விலா எலும்புகள், முன்புறம் மார்பெலும்பு, விலாக்களை மார்பெலும்புடன் இணைக்கும் குருத்தெலும்புகள் ஆகியவை இதன் உறுப்புகள்.

பாடநூல்களில் இக்கூட்டின் பணி பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: உள்ளுறுப்புகளைப் பாதுகாக்கிறது. இது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பாதுகாப்பு மட்டுமே நோக்கம் என்றால் மண்டையோட்டைப் போல ஒட்டிப்போன ஓர் எலும்புப் பெட்டியே போதும். மண்டையோடு அசைவதில்லை. மார்புக்கூடோ வளர்ந்தவரிடம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை, அதாவது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 முறை விரிந்து சுருங்குகிறது. உறுதியாகவும் இருக்க வேண்டும், அசையவும் வேண்டும் என்ற இந்த இரண்டு தேவைகளின் இழுபறியை மனத்தில் வைத்துக்கொண்டால், இதன் அமைப்பில் உள்ள பல விசித்திரங்கள் தாமாகவே விளங்கும். இது பழுதுபடும்போது ஏன் மூச்சு முதலில் பாதிக்கப்படுகிறது என்பதும் விளங்கும்.

எலும்புகளும் இணைப்புகளும்

மார்புக்கூடு மேலே குறுகியும் கீழே அகன்றும் இருக்கும். மேல்வாய் சிறுநீரக வடிவில் சிறியது. முதல் முள்ளெலும்பு, முதல் விலா இணை, மார்பெலும்பின் மேல்விளிம்பு ஆகியவை அதன் எல்லை. மூச்சுக்குழல், உணவுக்குழல், தலைக்கும் கைகளுக்கும் செல்லும் பெரிய இரத்தக் குழாய்கள் எல்லாம் இந்தச் சிறிய வாய் வழியாகவே நெருக்கியடித்துப் போகின்றன. கீழ்வாய் அகன்றது, அதை உதரவிதானம் என்னும் தசைத்தகடு மூடுகிறது.

மார்பெலும்பு மூன்று பகுதிகளைக் கொண்டது. மேற்பகுதி அகன்று, காறை எலும்புகளைத் தாங்குகிறது. நடுப்பகுதி நீண்டது. கீழ்நுனி சிறிய குருத்தெலும்பாகத் தொடங்கி, நடுத்தர வயதில்தான் எலும்பாக மாறத் தொடங்குகிறது. பழங்கால உடற்கூற்றாளர்கள் இந்த எலும்பை ஒரு குறுவாளாகக் கற்பனை செய்து, மேற்பகுதியைக் கைப்பிடி என்றும் நுனியை வாள்முனை என்றும் அழைத்தனர். நாற்பது வயதைத் தாண்டிய சிலர், மேல்வயிற்றில் நெஞ்சுக்குழிக்கு அருகே திடீரெனக் கட்டி ஒன்று தட்டுப்படுகிறது என்று பயந்து மருத்துவரிடம் வருவதுண்டு. பல நேரங்களில் அது கெட்டிப்பட்டுவரும் இந்த வாள்முனைதான்.

விலா எலும்புகளை அவை முன்னே எங்கே சென்று சேர்கின்றன என்பதை வைத்து வகைப்படுத்துவர். முதல் ஏழு இணைகள் தமக்கென உள்ள குருத்தெலும்பு வழியாக நேரடியாக மார்பெலும்பை அடைகின்றன. இவை மெய் விலாக்கள். எட்டு, ஒன்பது, பத்தாம் விலாக்களின் குருத்தெலும்பு மேலே உள்ள விலாவின் குருத்தெலும்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. பதினொன்றும் பன்னிரண்டும் முன்னே எதனோடும் சேராமல் வயிற்றுச் சுவரின் தசைக்குள் முடிந்துவிடுகின்றன. இவற்றை மிதக்கும் விலாக்கள் என்பர். விலாக்களின் நீளம் முதலாவதிலிருந்து ஏழாவது வரை கூடி, பிறகு குறைகிறது.

பின்புறத்தில் ஒவ்வொரு விலாவின் தலையும் முள்ளெலும்பு உடலுடன் மூட்டாக இணைகிறது. இரண்டு முதல் ஒன்பது வரையிலான விலாக்களின் தலைகள் ஒரே முள்ளெலும்புடன் நில்லாமல், அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளையும் இடையிலுள்ள தட்டையும் தொட்டு நிற்கின்றன. தலையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சிறு புடைப்பு உண்டு. அது முள்ளெலும்பின் பக்கக்கொம்புடன் இன்னொரு மூட்டாகச் சேர்கிறது. இப்படி இரண்டு இடத்தில் கட்டப்பட்டிருப்பதால் விலா எந்தப் பக்கமும் ஆடாமல், ஓர் அச்சில் மட்டும் சுழல்கிறது. கதவுக்கு இரண்டு கீல் வைப்பது போல.

ஒவ்வொரு விலாவின் கீழ்விளிம்பிலும் உட்பக்கமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. அதில் மேலிருந்து கீழாக சிரை, தமனி, நரம்பு என்ற வரிசையில் மூன்றும் தங்கியிருக்கின்றன. தேர்வுக்காக மாணவர்கள் மனப்பாடம் செய்யும் இந்த வரிசைக்கு நடைமுறைப் பயன் உண்டு. நுரையீரல் உறையில் தேங்கிய நீரை ஊசியால் எடுக்கும் மருத்துவர், ஊசியை எப்போதும் கீழ் விலாவின் மேல்விளிம்பை ஒட்டியே செலுத்துவார். மேல் விலாவின் கீழ்விளிம்பை ஒட்டிக் குத்தினால் இந்தத் தமனி அறுபட்டு மார்புக்குள் இரத்தம் கொட்டக்கூடும்.

மூச்சு எப்படி நடக்கிறது

நுரையீரலுக்குத் தன்னை விரித்துக்கொள்ளும் தசை கிடையாது. அது ஒரு பஞ்சு போன்றது. அதைச் சுற்றியுள்ள கூடு விரிந்தால்தான் அதுவும் விரியும். கூட்டின் உட்சுவருக்கும் நுரையீரலுக்கும் இடையே இரண்டு மெல்லிய உறைகள் உள்ளன. அவற்றுக்கிடையே மிகச் சிறிதளவு திரவம் மட்டுமே இருக்கிறது. நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகளைப் போல அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமே தவிர, பிரிந்து வராது.

நுரையீரலின் மீள்தன்மை அதை எப்போதும் சுருங்கச் சொல்கிறது. மார்புக்கூடோ ஒரு வில்லைப் போல வெளிநோக்கி விரியப் பார்க்கிறது. சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த அந்த நொடியில் இந்த இரண்டு இழுவைகளும் சமமாக நிற்கின்றன. நாம் எந்த முயற்சியும் செய்யாமல் ஓய்ந்திருக்கும் நிலை அதுதான். அப்போது உறைகளுக்கிடையே உள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீரளவு குறைவாக இருக்கும். கத்திக்குத்தாலோ முறிந்த விலாவின் கூர்முனையாலோ இந்த இடைவெளிக்குள் காற்று புகுந்தால் ஒப்பந்தம் முறிந்துவிடுகிறது: நுரையீரல் சுருங்கி ஒடுங்குகிறது, அந்தப் பக்கத்து மார்புக்கூடு சற்று வெளியே விரிகிறது.

மூச்சை உள்ளிழுக்கும்போது விலாக்கள் இரண்டு விதமாக அசைகின்றன. மேல் விலாக்களின் முன்முனை உயர்ந்து மார்பெலும்பை முன்னும் மேலுமாகத் தள்ளுகிறது. தெருவில் உள்ள அடிபம்பின் கைப்பிடியைத் தூக்குவது போன்ற அசைவு இது. கீழ் விலாக்களின் நடுப்பகுதி பக்கவாட்டில் உயர்கிறது. வாளியின் வளைந்த கைப்பிடி ஒருபுறம் சாய்ந்து கிடந்து மேலே எழுவது போல. முதலாவதால் மார்பின் முன்பின் அகலமும், இரண்டாவதால் பக்க அகலமும் கூடுகின்றன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பின்புற மூட்டுகளின் வடிவம்: மேல் விலாக்களில் அந்த மூட்டுப் பரப்பு குழிந்திருப்பதால் எலும்பு சுழல்கிறது, கீழ் விலாக்களில் அது தட்டையாக இருப்பதால் வழுக்குகிறது. முதல் விலா மட்டும் அமைதியான மூச்சில் ஏறத்தாழ அசைவதே இல்லை.

ஆனால் அமைதியான மூச்சில் பெரும்பங்கு வேலை விலாக்களுடையது அன்று, உதரவிதானத்துடையது. குவிமாடம் போல மார்புக்குள் எழுந்து நிற்கும் இத்தசை சுருங்கும்போது கீழிறங்கி, வயிற்று உறுப்புகளை அழுத்துகிறது. அதனால்தான் மூச்சிழுக்கும்போது வயிறு முன்னே வருகிறது. இத்தசைக்கான நரம்பு மார்பிலிருந்து புறப்படாமல், கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் நரம்புகளிலிருந்து கிளம்பி நீண்ட தூரம் இறங்கி வருவது வியப்பானது. கருவில் உதரவிதானம் முதலில் கழுத்துப் பகுதியில் தோன்றிப் பிறகு கீழிறங்குவதே இதற்குக் காரணம்.

இதன் விளைவு உயிர்ப்பிரச்சினையானது. விபத்தில் கழுத்து எலும்பு உடைந்து தண்டுவடம் ஐந்தாம் நரம்புக்குக் கீழே அறுபட்டால் விலா இடைத் தசைகள் செயலிழக்கும். ஆனாலும் உதரவிதானத்தால் மட்டுமே அவர் மூச்சுவிட முடியும். அதே காயம் மூன்றாம் நரம்புக்கு மேலே ஏற்பட்டால் செயற்கைச் சுவாசம் இல்லாமல் சில நிமிடங்கள்கூடத் தாங்காது. இரு காயங்களுக்கும் இடையே உள்ள தூரம் சில சென்டிமீட்டர்தான். சாலை விபத்தில் விழுந்தவரின் தலையைத் தொங்கவிட்டு, கைகால்களைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவது ஏன் ஆபத்தானது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

மார்புக்கூட்டின் விரிவு இல்லையேல் நுரையீரல் இல்லை என்பதை ஒரு பழைய அறுவை முறை தலைகீழாகக் காட்டியது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு முன், காசநோய்க்கு நேரடி மருந்து கிடையாது. நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்தால் அதிலுள்ள பொந்துகள் மூடிக்கொள்ளும் என்று கருதிய அறுவை மருத்துவர்கள், அந்தப் பக்கத்தில் பல விலாக்களை வெட்டி எடுத்துவிடுவார்கள். தாங்கும் சட்டகம் போனதும் மார்புச் சுவர் உள்ளே அமிழ்ந்து, நுரையீரல் நிரந்தரமாகச் சுருங்கிவிடும். பலர் பிழைத்தனர், ஆனால் முதுகு கோணி, தோள் சரிந்து, மூச்சுத் திறன் குறைந்த நிலையில் வாழ்நாள் முழுவதும் இருந்தனர்.

கூட்டுக்குள் இருக்கும் வயிறு

மார்புக்கூட்டுக்குள் மார்பு உறுப்புகள்தான் இருக்கும் என்பது பரவலான எண்ணம். மூச்சை முழுவதும் வெளியே விட்ட நிலையில் உதரவிதானத்தின் வலது குவிமாடம் ஏறத்தாழ முலைக்காம்பு மட்டம் வரை எழுந்துவிடுகிறது. அதற்குக் கீழே உள்ளது முழுவதும் வயிறுதான். கல்லீரலின் பெரும்பகுதி வலப்புற விலாக்களுக்குள் மறைந்திருக்கிறது. இடப்புறத்தில் 9, 10, 11ஆம் விலாக்களை ஒட்டி மண்ணீரல் படுத்திருக்கிறது. இரைப்பையின் மேற்பகுதியும் இடது விலாக்களுக்குள்தான். ‘விலாப் புடைக்கத் தின்றான்’ என்று தமிழில் சொல்வது வெறும் மிகைப்படுத்தல் அன்று. நிறைந்த இரைப்பை உண்மையிலேயே இடது கீழ் விலாக்களை உந்துகிறது. ‘விலா நோகச் சிரிப்பதும்’ அப்படியே. சிரிப்பு என்பது விலா இடைத் தசைகளும் உதரவிதானமும் அடுத்தடுத்து வெட்டிச் சுருங்குவதுதான்.

கூட்டின் கீழ்ப்பகுதியில் அடிபட்டால் மருத்துவர்கள் நுரையீரலைப் போலவே வயிற்றையும் ஆராய்வது இதனால்தான். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவருக்கு இடது கீழ் விலாக்கள் முறிந்திருந்தால், மண்ணீரல் கிழிந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. கசியும் இரத்தம் உதரவிதானத்தின் அடிப்பக்கத்தை உறுத்தும்போது வலி வயிற்றில் தெரியாமல் இடது தோள்முனையில் தெரியலாம். உதரவிதானத்துக்கும் தோளின் தோலுக்கும் உணர்வு நரம்புகள் கழுத்தின் ஒரே மட்டத்திலிருந்து வருவதால் மூளை இடத்தைத் தவறாகப் படிக்கிறது. தோளில் அடிபடாதவருக்குத் தோள் வலித்தால், பிரச்சினை வயிற்றில் இருக்கலாம்.

கருவுற்ற தாயிடம் இக்கூடு தன் வடிவத்தையே மாற்றிக்கொள்கிறது. கருப்பை மேலெழும்போது உதரவிதானம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் உயர்கிறது. அதை ஈடுகட்டக் கீழ் விலாக்கள் அகல விரிகின்றன. இரு பக்க விலா விளிம்புகளுக்கும் இடையே உள்ள கோணம் சுமார் 68 பாகையிலிருந்து 103 பாகை வரை செல்கிறது. கருப்பை பெரிதாகி அழுத்தத் தொடங்குவதற்கு முன்பே இந்த மாற்றம் ஆரம்பித்துவிடுகிறது. இயக்குநீர்களால் இணைப்பு இழைகள் தளர்வதே காரணம்.

குழந்தையின் மார்பு

பிறந்த குழந்தையின் மார்புக்கூடு, பெரியவரின் கூட்டைச் சிறிதாக்கியது அன்று. அதன் குறுக்குவெட்டு வட்டமாக இருக்கும். விலாக்கள் கீழ்நோக்கிச் சாயாமல் ஏறத்தாழக் கிடைமட்டமாக இருக்கும். ஏற்கெனவே மேலே இருக்கும் வாளிக் கைப்பிடியை இன்னும் மேலே தூக்க முடியாதல்லவா? ஆகவே கைக்குழந்தை விலாக்களால் அதிகம் விரிக்க முடியாமல், உதரவிதானத்தை நம்பியே மூச்சுவிடுகிறது. உறங்கும் குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதில் கவலைப்பட எதுவுமில்லை. நடக்கத் தொடங்கி உடல் நிமிர்ந்த பிறகே விலாக்கள் மெல்லச் சாய்ந்து பெரியவர்களுக்குரிய வடிவம் வருகிறது.

குழந்தையின் விலாக்கள் பெரும்பாலும் குருத்தெலும்பாகவும் வளையக்கூடியவையாகவும் உள்ளன. இது பிறப்பின்போது உதவுகிறது. ஆனால் நுரையீரல் நோயுற்று இறுகும்போது இதே வளையும் தன்மை எதிராகத் திரும்புகிறது. உதரவிதானம் வலுவாக இழுக்க, உள்ளே காற்று எளிதில் செல்லாததால், மென்மையான மார்புச் சுவர் உட்பக்கமாக இழுபடுகிறது. குழந்தை மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி வெளியே வராமல் உள்ளே குழிந்தால், அதுதான் நிமோனியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடும் முக்கிய அடையாளங்களுள் ஒன்று. ஸ்டெதஸ்கோப்போ எக்ஸ்ரேயோ இல்லாத கிராமத்துச் செவிலியரும், ஏன், தாயும்கூட இதைக் கண்ணால் காண முடியும்.

இதோடு மூச்சின் எண்ணிக்கையும் முக்கியம். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, சட்டையை உயர்த்திவிட்டு, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். ‘சளி கட்டியிருக்கிறது, தைலம் தேய்த்தால் சரியாகும்’ என்று வீட்டில் காத்திருக்கும் பல நேரங்களில், சட்டையை ஒருமுறை உயர்த்திப் பார்த்திருந்தால் போதும் என்ற நிலை இருக்கும். மார்பு உள்வாங்கும் குழந்தையைத் தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸ் நோயிலும் மார்புக்கூடு சாட்சி சொல்கிறது. எலும்பும் குருத்தெலும்பும் சேரும் இடங்கள் வரிசையாகப் புடைத்து, மார்பின் இருபுறமும் மணிமாலை போட்டது போலத் தெரியும். மென்மையான விலாக்களை உதரவிதானம் விடாமல் இழுப்பதால் கீழ்மார்பில் கிடைமட்டமாக ஒரு பள்ளமும் விழலாம்.

விலாவை எண்ணுதல்

மார்பின் உள்ளே எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்பதை வெளியிலிருந்து அறிய விலாக்களே அளவுகோல். ஆனால் முதல் விலா காறை எலும்புக்கு அடியில் ஒளிந்திருப்பதால் அதை விரலால் தொட்டு உணர்வது கடினம். மேலிருந்து எண்ணத் தொடங்கினால் கணக்கு தவறும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. தொண்டைக்குக் கீழே உள்ள குழியில் விரலை வைத்து, மார்பெலும்பின் மேல் 5 சென்டிமீட்டர் அளவு கீழே இறக்கினால் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். மார்பெலும்பின் மேற்பகுதியும் நடுப்பகுதியும் சேரும் இடம் அது. அங்கிருந்து பக்கவாட்டில் விரலை நகர்த்தினால் கிடைப்பது இரண்டாம் விலா. அதிலிருந்து கீழ்நோக்கி எண்ணலாம். உள்ளே மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிவதும் பெருந்தமனியின் வளைவு தொடங்கி முடிவதும் ஏறத்தாழ இதே மட்டத்தில்தான்.

இந்தச் சிறிய மேடு தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இ.சி.ஜி. நல்ல எடுத்துக்காட்டு. மார்பில் வைக்கும் ஆறு முனைகளில் முதல் இரண்டும் நான்காம் விலா இடைவெளியில், மார்பெலும்பின் வலது, இடது ஓரங்களில் வைக்கப்பட வேண்டும். கண் மதிப்பில் வைப்பவர்கள் பெரும்பாலும் ஓரிரு இடைவெளி மேலே வைத்துவிடுகிறார்கள். அப்போது மாரடைப்பு வந்து சென்றதைப் போன்ற பொய்யான வரைவு கிடைக்கலாம். இல்லாத நோய்க்காக ஒருவர் இரவெல்லாம் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க, ஓர் அங்குலப் பிழை போதும்.

மார்பெலும்பின் இரு ஓரங்களிலும், அதிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தள்ளி, உட்பக்கமாக ஒரு தமனி கீழிறங்குகிறது. இதய பைபாஸ் அறுவையில் இடப்பக்கத் தமனியை மார்புச் சுவரிலிருந்து பிரித்து, அடைபட்ட இதயத் தமனியில் இணைக்கிறார்கள். காலிலிருந்து எடுக்கும் சிரையைவிட இது நெடுங்காலம் அடைபடாமல் இருக்கிறது. அறுவைக்காக மார்பெலும்பை நெடுக அறுத்துத் திறந்து, முடிந்ததும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் கட்டிவிடுவார்கள். எலும்பு கூடச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இருமும்போது நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்வது, அறுத்த இரு பாதிகளும் விலகாதிருப்பதற்காக.

முறிவுகள்

விலா முறிவில் எலும்பைவிட மூச்சே கவலைக்குரியது. ஒவ்வொரு மூச்சும் வலிப்பதால் அடிபட்டவர் ஆழமாக மூச்சிழுக்க மாட்டார், இருமவும் மாட்டார். சளி தேங்குகிறது, சில நாட்களில் நிமோனியா வருகிறது. முதியவர்களிடம் முறிந்த விலாக்களின் எண்ணிக்கை கூடக்கூட இந்த ஆபத்தும் கூடுகிறது. முன்பெல்லாம் விலா முறிந்தால் மார்பைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுவது வழக்கம். வலி குறைந்தது போலத் தோன்றும். ஆனால் அது மூச்சை மேலும் சுருக்கிவிடுவதால் இன்று கைவிடப்பட்டுள்ளது. கை, கால் எலும்பைப் போல அசையாமல் வைக்கக்கூடாத எலும்பு இது. வலியைப் போதிய மருந்தால் அடக்கி, ஆழ மூச்சுவிட வைப்பதே சிகிச்சை. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டிக்கு ‘விலாவில் கீறல்தான்’ என்று சொல்லிப் படுக்கவைத்துவிடுவது, கீறலைவிட மோசமான விளைவைத் தரலாம்.

அடுத்தடுத்த மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விலாக்கள் ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் முறிந்தால், மார்புச் சுவரின் ஒரு துண்டு மற்றவற்றோடு தொடர்பற்றுப் போகிறது. அவர் மூச்சிழுக்கும்போது மார்பு விரிய, அந்தத் துண்டு மட்டும் உள்ளே போகும். விடும்போது வெளியே வரும். காண்பதற்கே அச்சமூட்டும் இந்த எதிர் அசைவு, கீழே உள்ள நுரையீரலும் நசுங்கியிருக்கிறது என்பதற்கான அறிகுறி.

மாறாக, உயிரைக் காக்க விலா முறிய நேரும் தருணமும் உண்டு. இதயம் நின்றுபோன பெரியவருக்கு மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் இரு கைகளால் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, 6 சென்டிமீட்டருக்கு மிகாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். குருத்தெலும்புகள் வளைந்துகொடுப்பதால்தான் மார்பெலும்பை இவ்வளவு ஆழம் இறக்கி, முள்ளெலும்புகளுக்கு எதிராக இதயத்தைப் பிழிய முடிகிறது. வயதானவர்களிடம் அக்குருத்தெலும்பு சுண்ணாம்பேறி விறைத்திருக்கும். அழுத்தும்போது ‘மளுக்’ என்று விலா முறியும் ஒலி கேட்கலாம். அதைக் கேட்டு நிறுத்திவிடக்கூடாது. முறிந்த விலா சில வாரங்களில் கூடிவிடும்; மூளைக்கு இரத்தம் போகாத நிமிடங்களைத் திரும்பப் பெற முடியாது.

விலா வலியும் அக்கியும்

விலாவும் குருத்தெலும்பும் சேரும் இடத்தில் அழற்சி ஏற்பட்டால் நெஞ்சு வலிக்கும். விரலால் அழுத்தினால் அதே இடத்தில் அதே வலி கூடும். நம் ஊரில் நெஞ்சு வலி என்றால் ‘வாயுப் பிடிப்பு’ என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடிப்பதும் உண்டு. உடனே மாரடைப்பு என்று பதறுவதும் உண்டு. அழுத்தினால் வலிக்கிறது என்பதற்காக இதயம் நலமாக இருக்கிறது என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிட முடியாது. நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வையுடன் வரும் வலி எதுவாயினும் இ.சி.ஜி. எடுத்த பிறகே அது விலா வலி என்று கொள்ள வேண்டும்.

விலா இடை நரம்புகள் ஒவ்வொன்றும் முதுகிலிருந்து முன்புறம் வரை ஒரு பட்டை போன்ற தோற்பரப்புக்கு உணர்வு தருகின்றன. நான்காம் நரம்பின் பட்டை முலைக்காம்பு மட்டத்திலும், பத்தாவதன் பட்டை தொப்புள் மட்டத்திலும் அமைகிறது. அக்கி என்று நாம் சொல்லும் நோய் இந்தப் பட்டைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், நடுக்கோட்டைத் தாண்டாமல் வருவது இதனால்தான். சிறுவயதில் சின்னம்மை தந்த வைரஸ், நரம்பின் வேர் முடிச்சில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, பிறகு அந்த நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. கொப்புளம் தோன்றுவதற்குச் சில நாள் முன்பே விலாவில் எரிச்சலும் வலியும் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் குயவரிடம் சென்று செங்காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் பழமையானது. கொப்புளங்கள் தாமாகவே ஆறிவிடும் என்பதால் அதில் குணமானதாகத் தோன்றும். ஆனால் வைரஸ் எதிர்ப்பு மருந்து, கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பயன் தரும். முதியவர்களில் பலரை மாதக்கணக்கில் வாட்டுவது, தோல் ஆறிய பிறகும் நிற்காத நரம்பு வலி.

எண்ணிக்கை பற்றிய வரலாறு

பார்த்து எண்ண வேண்டிய எளிய பொருளான விலாவின் கணக்கில் மனிதர் நெடுங்காலம் வேறுபட்டிருக்கின்றனர். சுசுருத சங்கிதை உடலில் 300 எலும்புகள் உள்ளதாகக் கூறி, பக்கத்துக்கு 36 விலா எலும்புகள் என்கிறது. இது பிழை என்று தள்ளிவிடுவது எளிது. 36 என்பது 12இன் மும்மடங்கு. விலா, அதன் புடைப்பு, அது பொருந்தும் குழி ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் விளக்குவர். அப்படியானால் அது உற்றுப் பார்த்தவர்களின் கணக்கு.

ஐரோப்பாவில் கதை வேறு. ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் படைக்கப்பட்டதாக விவிலியத்தின் தொடக்க நூல் கூறுவதால், ஆணுக்கு ஒரு விலா குறைவு என்று பலர் நம்பினர். பதுவா நகரில் உடற்கூறு கற்பித்த ஆந்திரேயாஸ் வெசாலியஸ் 1543இல் வெளியிட்ட தம் பெருநூலில், ஆணுக்கும் பெண்ணுக்கும் விலாக்கள் சம எண்ணிக்கையே என்று எழுதினார். கேலன் மார்பெலும்பை ஏழு பகுதிகளாகச் சொன்னதையும் அவர் திருத்தினார். கேலன் அறுத்துப் பார்த்தவை குரங்குகள். மனித மார்பெலும்பில் மூன்று பகுதிகள்தான்.

பன்னிரண்டு இணை என்பதும் எல்லோருக்கும் பொருந்தும் விதியன்று. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் பொதுவாக 13 இணைகள். மனிதரிலும் சிலருக்கு இடுப்பு முள்ளெலும்பில் கூடுதலாக ஒரு விலா முளைத்திருக்கும், அதனால் தொல்லை ஏதுமில்லை. தொல்லை தருவது கழுத்தின் ஏழாம் முள்ளெலும்பிலிருந்து வளரும் கழுத்து விலா. நூறில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கே இது இருக்கிறது. பெண்களிடம் சற்று அதிகம். பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்கின்றனர். சிலரிடம் அது கைக்குச் செல்லும் தமனியையும் நரம்புக் கற்றையின் கீழ்ப்பகுதியையும் நெருக்கும். சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போவது, கையை உயர்த்தி வேலை செய்தால் சோர்ந்து வெளிறுவது, உள்ளங்கைத் தசை மெலிவது ஆகியவை அதன் அடையாளங்கள். கழுத்துத் தேய்மானம் என்று எண்ணிப் பல ஆண்டுகள் சிகிச்சை பெற்றவர்களிடம், கழுத்தும் மேல்மார்பும் தெரியும்படி எடுத்த ஒரு சாதாரண எக்ஸ்ரேயிலேயே இந்தப் பதின்மூன்றாம் விலா தென்படுவதுண்டு.